மௌனம்: தமிழில் வாய்வாளாமை

கூட்டம் முடியும் நேரம். "யாருக்காவது மறுப்பு உண்டா?" என்று தலைவர் கேட்கிறார். ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். இன்னொருவர் கையிலிருக்கும் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான்கு நொடி போகிறது. "சரி, மௌனம் சம்மதம்" என்று தலைவர் அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறார். அந்த நான்கு நொடிக்கு மௌனம் என்ற பெயர் தகுமா? சொல்லின் வேரைப் பார்த்தால் தகாது என்றே எனக்குப் படுகிறது.

மௌனம் வடசொல், முனி என்பதிலிருந்து பிறந்தது. புத்தன் என்பதிலிருந்து பௌத்தம் வந்தது போல, சுந்தரம் என்பதிலிருந்து சௌந்தரியம் வந்தது போல, முதலில் நிற்கும் உகரம் ஔகாரமாகி முனி மௌனமானது. முனிவரின் தன்மை என்பதே நேர்ப்பொருள். பேசத் தெரிந்தவர், பேச முடிந்தவர், தாமாகவே நாவை அடக்கிக்கொள்வது. ஆளில்லாத அறையில் இருப்பது நிசப்தம், அதாவது ஒலியின்மை. கவிஞர்கள் மலைக்கும் மரத்துக்கும் மௌனத்தைக் கொடுப்பார்கள், அது அவர்கள் உரிமை. மற்றபடி மௌனத்துக்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளின் வாய் அவர் வசமே இருக்கவும் வேண்டும்.

இதே சொல் மோனம் என்றும் வழங்கும். 'மோனம் என்பது ஞான வரம்பு' என்கிறது கொன்றைவேந்தன்.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்? பேசாமை என்றால் பிழையில்லை. ஆனால் அது பேச்சு இல்லை என்பதோடு நின்றுவிடுகிறது. அமைதி இன்னும் அகலமான சொல், கடலுக்கும் ஊருக்கும் கூடப் பொருந்தும். 'வாளா இருந்தான்' என்றால் சும்மா இருந்தான் என்று பொருள்; வீணாக இருந்தான் என்ற நிழலும் அதில் விழும். வாயைச் சேர்த்து வாய்வாளாமை என்னும்போதுதான் சொல் துலங்குகிறது.

மணிமேகலையின் கடைசிக் காதை, கேள்விக்கு விடை சொல்லும் முறைகளை நான்காகப் பிரிக்கிறது: துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை. நான்காவதற்கு அது தரும் எடுத்துக்காட்டு அருமையானது. ஆகாயப்பூ பழையதா, புதியதா என்று ஒருவன் கேட்கிறான். பழையது என்றாலும் பொய், புதியது என்றாலும் பொய். எதைச் சொன்னாலும் அப்படியொரு பூ உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் பதில் பேசாதிருப்பதே விடை. பேசாமையை விடைகளின் வரிசையிலேயே வைத்திருக்கிறார்கள்! மௌனத்துக்கு நேர்ச்சொல் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம், சும்மா. 'சும்மா இரு சொல் அற' என்று கந்தர் அனுபூதியில் அருணகிரிநாதர் பாடும்போது அது குரு காட்டிய பெருநிலை. கேள்வி கேட்கும் குழந்தையைப் பார்த்து "சும்மா இரு" என்று ஒரு பெரியவர் அதட்டும்போது அது கட்டளை. அந்தக் குழந்தை உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பதை மௌனம் என்று யாராவது சொல்வார்களா?

பிறர் அடக்குவதற்குத் தமிழில் தனிச்சொல் இருக்கிறது: வாய்ப்பூட்டு. பேச்சைத் தடுக்கும் சட்டத்தை வாய்ப்பூட்டுச் சட்டம் என்கிறோம். பூட்டு என்றாலே சாவி யாரிடம் என்ற கேள்வியும் கூட வருகிறது. 1948-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் 19-ஆம் பிரிவு, தலையீடு இல்லாமல் கருத்துக் கொண்டிருக்கவும் அதை வெளியிடவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்கிறது. அந்த உரிமை கையில் இருப்பவர் பேசாதிருந்தால் அது வாய்வாளாமை. வேலை போய்விடுமோ, அடி விழுமோ என்று பேசாதிருந்தால் வாய்ப்பூட்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும். அதனால்தான் 'மக்கள் மௌனம் காத்தனர்' என்று செய்தியில் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் உறுத்துகிறது.

அந்தக் கூட்டத்தின் குறிப்பேட்டில் 'அனைவரும் மௌனமாக ஏற்றனர்' என்று எழுத வேண்டாம். 'யாரும் பேசவில்லை' என்று எழுதலாம். நடந்தது அவ்வளவுதான்.