‘என்லைட்டன்மென்ட்’: எந்த இடத்தில் எந்தச் சொல்?

திருகோணமலையில் வெசாக் காலத்துத் தமிழ் வாழ்த்துகளில் ‘புத்தர் ஞானோதயம் பெற்ற நாள்’ என்று போடுவார்கள். உயர்தர வரலாற்றுக் குறிப்பில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேரின் காலத்துக்கும் ‘ஞானோதயக் காலம்’ என்று தலைப்பு விழும். பரீட்சைக்கு முதல்நாள் புத்தகத்தைத் திறப்பவனிடம் ‘இப்பதான் ஞானோதயம் பிறந்ததோ?’ என்று வீட்டில் கேட்பார்கள். மூன்றாவது பயன்பாட்டில் ஒரு குழப்பமும் இல்லை; கிண்டல் என்று எல்லாருக்கும் தெரியும். முதல் இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. அரச மரத்தடியில் ஒருவர் தனித்திருந்து அடைந்ததும், பாரிஸிலும் பெர்லினிலும் பலர் அச்சுப் புத்தகம் போட்டு வாதாடியதும் ஒரே பெயரில் வந்து நிற்கின்றன.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘என்லைட்டன்மென்ட்’ என்றே பெயர்; குழப்பம் அங்கேதான் தொடங்கியது. ‘என்லைட்டன்’ என்ற வினைக்கு உள்ளே ஒளி ஏற்றுதல் என்று பொருள். ஐரோப்பியச் சிந்தனைக் காலத்துக்கு அது பெயராக நிலைத்தது 19ஆம் நூற்றாண்டில், ‘ஔஃப்க்லேருங்’ என்ற ஜெர்மன் சொல்லின் பெயர்ப்பாக. ஜெர்மன் சொல்லுக்குள் இருப்பது விளக்கல்ல, மழை விட்டு வானம் வெளிப்பது. பிரெஞ்சுக்காரர் ‘லூமியேர்’ என்று பன்மையில் ‘ஒளிகள்’ என்றனர். அதே 19ஆம் நூற்றாண்டில் பௌத்த நூல்களை ஆங்கிலமாக்கியவர்கள் ‘போதி’க்கும் இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டனர். புத்தரைப் பகுத்தறிவாளராகக் காட்டும் ஆசையும் அந்தத் தெரிவில் கலந்திருந்தது. இலங்கையின் பௌத்த மறுமலர்ச்சியாளருக்கும் அந்தச் சித்திரம் வாய்ப்பாகவே அமைந்தது. ‘அறிவியலோடு ஒத்துப்போகும் மதம்’ என்ற பேச்சுக்குப் பின்னால் இந்த மொழிபெயர்ப்புக்கும் பங்குண்டு.

‘போதி’யின் வேர் ‘புத்’, விழித்தல். புத்தர் என்றால் விழித்தவர். பாளி மரபு சொல்லும் அந்த இரவில் மூன்று சாமங்கள் உண்டு. முதற்சாமத்தில் தம் முற்பிறப்புகள் தெரிந்தன. இரண்டாம் சாமத்தில் உயிர்கள் வினைக்கேற்ப இறந்து பிறப்பது தெரிந்தது. மூன்றாம் சாமத்தில் மனத்தில் ஊறும் மாசுகள் அற்றன. மூன்றாவதுதான் போதி, முன்னிரண்டும் அதற்கு வழி. அப்போது அவருக்கு வயது 35. உடல் நீங்கிய பரிநிப்பானம் 80இல். வெசாக் நாள் பிறப்பு, போதி, பரிநிப்பானம் மூன்றையும் நினைவுகூர்வதால், அவசரத்தில் எழுதுபவர்கள் பின்னிரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

ஒளி அங்கே அறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. முதல் உபதேசத்தில் ‘ஞாணம் உதபாதி’, ‘ஆலோகோ உதபாதி’ என்ற தொடர்கள் வருகின்றன: ஞானம் உதித்தது, ஒளி உதித்தது. ஆகவே ‘ஞானோதயம்’ பௌத்தத்துக்குப் பொருந்தாத சொல்லல்ல. வால்டேருக்குத்தான் பொருந்தாது.

தமிழில் ‘போதி’ முதலில் மரத்தைக் குறிக்கும். ‘பணைஐந்து ஓங்கிய பாசிலைப் போதி’ என்று சிலப்பதிகாரம் பாடுவது ஐந்து கிளை ஓங்கிய மரத்தை. அதனால் ‘புத்தர் போதி அடைந்தார்’ என்றால் மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தார் என்றும் படிக்க இடமுண்டு. ‘போதம் எய்தினார்’ அல்லது ‘புத்தநிலை எய்தினார்’ தெளிவு. சிங்களத்தில் ‘புத்தத்வய’ என்பதால், அதிலிருந்து பெயர்ப்பவர்களுக்கு ‘புத்தநிலை’ கைக்கு அருகிலேயே இருக்கிறது.

இன்னொரு பொறி ‘நிர்வாணம்’. வடமொழியில் அதற்கு அணைந்துபோதல் என்று பொருள். தமிழ் வாசகர் காதில் அது உடையின்மை. ‘புத்தர் நிர்வாணம் அடைந்தார்’ என்று வகுப்பில் வாசித்தால் பின்வாங்கில் சிரிப்பு எழுவது நிச்சயம். ‘நிப்பானம்’ என்றோ ‘வீடு’ என்றோ எழுதலாம். சைவர்களின் சமய, விசேட, நிர்வாண தீட்சைகளில் வரும் சொல்லை மாற்றத் தேவையில்லை. அது மரபுப் பெயர். விளக்கு ஏற்றப்படுவதாக ஆங்கிலம் சொல்லும் நிலைக்கு விளக்கு அணைவதாகப் பௌத்தம் பெயரிட்டிருப்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அணைவது ஆசை, வெறுப்பு, மயக்கம் என்ற மூன்று நெருப்புகள்.

திருகோணமலை மாவட்டத்து மண்ணிலேயே இரண்டு சான்றுகள் கிடக்கின்றன. திரியாய்ப் பாறைக் கல்வெட்டு வடமொழியில், பல்லவ கிரந்தத்தை ஒத்த எழுத்தில் இருக்கிறது. திரப்பூசகர், வல்லிகர் என்ற வணிகர் கூட்டத்தார் அங்கே சைத்தியம் என்ற வழிபாட்டிடம் எழுப்பியதை அது சொல்கிறது. பாளி நூல்களில், போதம் எய்திய புத்தருக்கு முதன்முதல் உணவாக மாவும் தேனும் கொடுத்த இரு வணிகரின் பெயர்கள் தபுஸ்ஸர், பல்லிகர். சங்கம் இன்னும் உருவாகாததால் அவர்கள் புத்தர், தம்மம் என்ற இரண்டை மட்டுமே சரணடைந்தார்கள். உணவு கொடுத்ததால் அவர்களுக்குப் போதி வந்துவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். போதியைப் பங்கிட்டுக் கொடுக்க முடியாது. வால்டேர் போன்ற ஐரோப்பிய அறிவொளியாளர் செய்ய முனைந்ததே அந்தப் பங்கீட்டைத்தான்.

மற்றது பெரியகுளத்துக்கு அருகிலுள்ள வெல்கம் விகாரை. சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயர் பெற்ற இடம். அங்குள்ள 11ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் விளக்கெரிக்கவும் பசுக்களாகவும் வழங்கிய தானங்களைப் பதிகின்றன. தமிழ் பேசியவர்கள் பௌத்தப் பள்ளிக்கு விளக்கு வைத்த ஊரில், பௌத்தக் கருத்துக்குத் தமிழில் சொல் இல்லை என்று கைவிரிப்பது சரியில்லை. பிறவித் துன்பம் ஒன்றிலிருந்து ஒன்றாக விளைவதைச் சொல்லும் பன்னிரு சார்புகளை மணிமேகலை அடுக்கும்போது ‘பேதைமை செய்கை உணர்வே அருவுரு’ என்று தமிழிலேயே தொடங்குகிறது. அவித்தைக்குப் பேதைமை, விஞ்ஞானத்துக்கு உணர்வு. இலங்கைப் பாடசாலையில் விஞ்ஞானம் ஒரு பாடத்தின் பெயர். பௌத்தக் கட்டுரையில் அதே சொல்லைப் போட்டால் பிள்ளைகள் பரிசோதனைக் குழாயைத்தான் நினைப்பார்கள். ‘உணர்வு’ என்றால் சிக்கல் இல்லை.

சைவத்தில் ‘ஞானம்’ தனிச் சொல்லாக நிற்பதைவிட அடையோடு நிற்பதே அதிகம். கோணமாமலையை இராமேசுவரத்திலிருந்து பாடியதாகப் பெரியபுராணம் கூறும் சம்பந்தருக்குப் பெயரிலேயே ஞானம் உண்டு. சீர்காழியில் மூன்று வயதில் அவர் பெற்றதைச் சொல்லும் பாட்டில் சேக்கிழார் சிவஞானம், கலைஞானம், மெய்ஞ்ஞானம் என்று பிரித்தே அடுக்குகிறார். சைவ சித்தாந்தமும் பாசஞானம், பசுஞானம், பதிஞானம் என்று பிரிக்கும். நூலும் புலனும் தருவது பாசஞானம். ‘நானே அறிகிறேன்’ என்று உயிர் தன்னை மட்டும் அறிவது பசுஞானம். இறைவன் அருளால் அவனை அறிவது பதிஞானம். இவற்றில் பதிஞானம் ஒன்றுதான் முத்திக்கு வழி. ஐரோப்பிய அறிவொளி முழுவதும் இந்தக் கணக்கில் முதலிரண்டுக்குள் அடங்கிவிடும். சைவர் ஒருவர் அதை ‘ஞானோதயம்’ என்று எழுதும்போது தன் சாத்திரத்தின் தரவரிசையையே தலைகீழாக்குகிறார்.

ஒளி, இருள் உருவகத்தை இவ்வளவு நுணுக்கமாகக் கையாண்ட மரபு வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகம். சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவாசாரியர், உயிரின் அறிவை மறைக்கும் மலமாகிய ஆணவத்தைப் பற்றிச் சொல்வது: ‘ஒருபொருளும் காட்டாது இருள்உருவம் காட்டும் இருபொருளும் காட்டாது இது.’ சாதாரண இருட்டு பொருள்களை மறைத்தாலும் ‘நான் இருட்டு’ என்று தன்னையாவது காட்டிக்கொள்ளும். ஆணவம் பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. கோணேசர் மலையில் மின்சாரம் நின்ற இரவில் இருட்டு என்று உடனே தெரிகிறது. ஆணவத்தில் நிற்பவருக்கு அது தெரிவதில்லை. மாயை தந்த உடலும் கருவிகளும் அவருக்கு ‘விடிவாம் அளவும் விளக்கு’. விடியும் வரைக்குமான கைவிளக்கு என்பதால் பயனுண்டு, விடியல் மட்டும் அதனால் வராது. இருவினையொப்பு (நல்வினை, தீவினைப் பயன்களை ஒன்றாகவே கொள்ளுதல்), மலபரிபாகம் (மலம் நீங்கும் பக்குவம் அடைதல்), சத்திநிபாதம் (இறையருள் பதிதல்) என்று படிகள் கடந்து, குருவாக இறைவன் வரும்போதுதான் விடியும். படிகளை விட்டுவிட்டு ‘தியானம் செய்தால் ஞானம்’ என்று சுருக்குவது இப்போதைய காணொளிகளின் வேலை.

சமயச் சார்பில்லாமல், நல்ல தமிழில் ஒரு சொல் வேண்டுமென்றால் வள்ளுவர் கொடுத்திருக்கிறார்: மெய்யுணர்தல். 36ஆம் அதிகாரத்தின் பெயரே அது. ‘ஐயுணர்வு எய்தியக் கண்ணும் பயமின்றே மெய்யுணர்வு இல்லா தவர்க்கு’ என்ற குறளில் பெயர்ச்சொல்லாகவும் கிடைக்கிறது. ‘இருள்நீங்கி’, ‘மருள்நீங்கி’ என்று ஒளியையும் விழிப்பையும் அடுத்தடுத்து வைப்பதும் அந்த அதிகாரமே. பௌத்தம், சமணம், சைவம் மூன்றையும் சேர்த்துப் பேசும் கட்டுரைக்கு ‘மெய்யுணர்வு’ போல வசதியான பொதுச்சொல் வேறில்லை. சமணருக்குத் தனியே, முழுதறிவைக் குறிக்கும் ‘கேவலஞானம்’ இருப்பதால், அவர்களைப் பற்றி மட்டும் எழுதும்போது அதையே வைக்கலாம்.

கிறிஸ்தவத் தமிழில் ‘ஞான’ என்ற முன்னொட்டு வேறு வேலை செய்கிறது. ஞானஸ்நானம், ஞானத்தந்தை என்பவற்றில் அதற்கு ‘ஆவிக்குரிய’ என்பதே பொருள். கத்தோலிக்கர் இப்போது ‘திருமுழுக்கு’ என்கிறார்கள். ஆதித் திருச்சபை திருமுழுக்கை ‘ஒளியூட்டல்’ என்ற கிரேக்கச் சொல்லால் அழைத்ததுண்டு; விவிலியத்தின் எபிரெயர் நிருபத்தில் வரும் ‘பிரகாசிப்பிக்கப்பட்டும்’ என்ற நீண்ட பழைய தமிழுக்குப் பின்னால் இருப்பது அந்த வினைதான். மூதூர், கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் வாசகர்களுக்கு ‘மெய்ஞ்ஞானம்’ அந்நியமல்ல. பீர் முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சி முதல் தமிழ்ச் சூபிப் பாடல்கள் இறையறிவாகிய ‘மஃரிபா’வை அந்தப் பெயரில்தான் கொண்டுவந்தன.

இனி ஐரோப்பா. இயக்க விதிகளையும் ஈர்ப்பையும் கணிதத்தால் விளக்கிய நியூட்டனின் பிரின்சிப்பியா என்ற நூல் 1687இல் வந்தது. திதெரோவும் தாலம்பேரும் தொடங்கிய கலைக்களஞ்சியம் 1751 முதல் 1772 வரை 28 தொகுதிகளாக வெளிவந்தது; அவற்றில் 11 வெறும் படத் தொகுதிகள், தச்சும் கண்ணாடித் தொழிலும் எப்படி நடக்கின்றன என்று காட்டுபவை. கைத்தொழிலின் இரகசியத்தை ஊருக்கெல்லாம் திறந்து வைப்பதே அவர்களின் நோக்கம். 1784இல் ஜெர்மன் மெய்யியலாளர் காண்ட் தந்த வரையறை, மனிதன் தானே வரவழைத்துக்கொண்ட சிறுபிள்ளைத்தனத்திலிருந்து வெளியேறுவது. இன்னொருவர் வழிநடத்தாமல் தன் அறிவைத் தானே பயன்படுத்தத் துணிவது. குருவின்றி ஞானமில்லை என்ற மரபுக்கு இது நேர் எதிர். இதற்குத் தமிழில் ‘அறிவொளி’ நிலைத்துவிட்டது: அறிவொளிக் காலம், அறிவொளிச் சிந்தனையாளர். தமிழ்நாட்டில் 1990களின் எழுத்தறிவுத் திட்டத்துக்கும் ‘அறிவொளி இயக்கம்’ என்றே பெயர் என்பதால், அங்குள்ள வாசகரையும் எண்ணி எழுதினால் முதல் முறை ‘ஐரோப்பிய’ என்று அடை கொடுக்க வேண்டும்.

‘மறுமலர்ச்சி’ இதுவல்ல. அது இத்தாலியில் 14ஆம் நூற்றாண்டளவில் தொடங்கிய கலை, இலக்கியப் புத்துயிர்ப்பு. இரண்டுக்கும் இடையில் மதச்சீர்திருத்தம் வேறு இருக்கிறது. விடைத்தாளில் அதிகம் தடுமாறும் இடம் இது. ‘பகுத்தறிவு’ காலத்தின் பெயரல்ல, அந்தக் காலம் நம்பிய கருவியின் பெயர். பிரஷ்ய மன்னன் இரண்டாம் பிரெடரிக் போன்றோரின் ஆட்சிமுறையை ‘அறிவொளி வல்லாட்சி’ எனலாம். ‘ஞானம் பெற்ற மன்னர்’ என்று பெயர்த்தால், படை நடத்தி சைலீசியாவைப் பிடித்தவர் பட்டினத்தாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்.

எழுத்துப்பிழை பற்றியும் ஒரு வார்த்தை. மெய் + ஞானம் சேர்ந்தால் மெய்ஞ்ஞானம். ‘மெய்ஞானம்’ என்று ஞகர ஒற்றை விடக்கூடாது. ஞான + உதயம் ஞானோதயம் ஆவது வடமொழிக் குணசந்தி. ‘ஞானஉதயம்’ என்று ஒட்டி எழுதக்கூடாது. அஞ்ஞானத்தில் ஞகர ஒற்று வரும். சிலர் எழுதும் ‘அக்ஞானம்’ தமிழ் வழக்கல்ல. அறிவு + ஒளி அறிவொளி ஆகும்போது ஈற்று உகரம் கெடும். ஆகவே பெயர்ப்பலகைகளில் தட்டுப்படும் ‘அறிவுஒளி’ பிழை.