காற்றைக் குறைத்தால் வேகம் கூடும்

இத்தாலியில் ஃபுளோரன்ஸுக்கும் சியனாவுக்கும் இடையே உள்ள மலைப்பகுதி கியாந்தி. சாஞ்சியோவேசே என்ற திராட்சையும் அதிலிருந்து எடுக்கும் சிவப்பு ஒயினும் அந்த ஊருக்கு உலகப் புகழ் வாங்கித் தந்தன. சைக்கிள் ஓட்டுகிறவர்களை அங்கே இழுப்பது வேறொன்று. திராட்சைத் தோட்டங்களுக்கு ஊடே தார் காணாத வெண்சரளைச் சாலைகள் ஏறி, இறங்கி, வளைந்து போகின்றன. உள்ளூரில் அவற்றை 'ஸ்த்ராதே பியாங்கே', அதாவது வெள்ளைச் சாலைகள் என்கிறார்கள்.

இவற்றின் மேலும் தார் போட்டுவிடுவார்களோ என்ற கவலையில், 1997இல் காயோலே என்ற சிற்றூரிலிருந்து 92 பேர் பழைய சைக்கிள்களில் கிளம்பினார்கள். 'லெரோயிக்கா' என்ற பெயரில் தொடங்கிய அந்தப் பயணம் இன்று ஆயிரக்கணக்கானோர் கூடும் விழா. 2007 முதல் இதே வட்டாரத்தின் வெள்ளைச் சாலைகளில் தொழில்முறைப் பந்தயமும் நடக்கிறது. தார் வேண்டாம் என்று போராடுவது விந்தையாகத் தெரியலாம். ஆனால் அந்தச் சரளை மேல் சக்கரம் எப்படி உருளுகிறது என்று பார்த்தால், அவர்கள் காப்பாற்றியது எத்தனை நுட்பமான பொருள் என்பது விளங்கும்.

முதலில் கல். கியாந்தியில் திராட்சை வளர்ப்பவர்கள் இரண்டு பாறைகளைப் பற்றி ஓயாமல் பேசுவார்கள். அல்பெரேசே என்பது வெளிர் நிறமுள்ள கெட்டியான சுண்ணாம்புக்கல். காலெஸ்த்ரோ என்பது தகடு தகடாக உதிரும் களிப்பாறை. இத்தகைய கல் நிலத்தில் நீர் தேங்குவதில்லை. கொடியின் வேர் ஈரம் தேடி ஆழத்துக்குப் போகிறது. சாலைக்கு வெண்மை தருவதும் இந்தச் சுண்ணாம்புக் கல்லின் பொடிதான். ஒயினையும் சாலையையும் ஒரே நிலம் ஆக்கித் தந்திருக்கிறது.

கல்லைக் கொட்டிப் பரப்பினால் மட்டும் நல்ல சரளைச் சாலை அமைந்துவிடாது. பெருஜல்லி, சிறுஜல்லி, மணல், நுண்தூள் என எல்லா அளவும் கலந்திருக்க வேண்டும். பெரிய கற்களின் இடுக்கைச் சிறியவை அடைக்கும், சிறியவற்றின் இடுக்கைத் தூள் அடைக்கும். இவை நெருக்கமாகப் படிந்தால் ஒரு கல் நகர, அண்டைக் கற்கள் எல்லாம் இடம் விட வேண்டியிருக்கும். இதோடு சிறிது ஈரம் சேர்ந்தால் பிடிப்பு இன்னும் கூடும். இரண்டு துகள்களுக்கு நடுவே தங்கும் நீர், பரப்பு இழுவிசையால் இரண்டையும் ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. கடற்கரையில் உலர்ந்த மணலில் கால் புதைவதும், அலை நனைத்த மணலில் கெட்டியாக நடக்க முடிவதும் இதனால்தான். லேசான மழைக்கு மறுநாள் வெள்ளைச் சாலை ஏறத்தாழ தார்ச்சாலை போல இறுகியிருக்கும். கோடையின் வறட்சியில் கதை தலைகீழ். வண்டிகள் தூளைப் புழுதியாகக் கிளப்பிவிட, காற்று அதை அள்ளிக்கொண்டு போகிறது. பிணைப்பு போன ஜல்லி மேலே தனியாக மிஞ்சி, டயருக்கு அடியில் உருளத் தொடங்குகிறது.

இனி டயர். எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் பலரும் இதைத் தலைகீழாக நம்புகிறார்கள். காற்றைக் கல் போல அடைத்தால்தான் சைக்கிள் வேகமாகப் போகும் என்பது அந்த நம்பிக்கை. வழவழப்பான இரும்பு உருளை மேல் சோதித்தால் அது சரி. டயர் அமுங்கி விரியும்போது ரப்பரில் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. காற்றைக் கூட்டினால் அமுங்குவது குறையும், வீணாவதும் குறையும். சாலையோ இரும்பு உருளை அல்ல.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ, ஒரு சக்கரத்தின் மேல் 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டயரில் 100 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) காற்று இருந்தால் அது தரையைத் தொடும் பரப்பு சுமார் 6 சதுர சென்டிமீட்டர். 35 பி.எஸ்.ஐ. என்றால் சுமார் 16. இறுக்கமான டயர் ஒரு கல்லின் மேல் ஏறும்போது, அந்த 40 கிலோவையும் சேர்த்துத் தூக்குகிறது. 5 மில்லிமீட்டர் தூக்கினாலே ஏறக்குறைய 2 ஜூல் செலவு. நொடிக்குப் பத்துக் கற்கள் இப்படி வந்தால் 20 வாட். 200 வாட் ஆற்றலோடு பெடல் மிதிக்கும் ஒருவருக்கு அது பத்தில் ஒரு பங்கு. தூக்கிய எடை கீழே விழும்போது அந்த ஆற்றல் முன்னோக்கிய வேகமாகத் திரும்புவதில்லை. தோளிலும் தொடையிலும் முதுகிலும் உள்ள தசைகள் குலுங்கிக் குலுங்கி அதை வெப்பமாக்கிவிடுகின்றன. மாலையில் உடம்பு வலிப்பதற்கு அதில் பெரும் பங்கு உண்டு.

காற்று குறைந்த அகலமான டயரில் கல் உள்ளே அமுங்குகிறது. சைக்கிள் அதே மட்டத்தில் போகிறது. கல்லைத் தாண்டியதும் டயருக்குள் இருக்கும் காற்று, வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியை ஏறக்குறைய அப்படியே திருப்பித் தருகிறது. காற்றைப் போல நேர்மையான சுருள்வில் வேறில்லை. எனவே ஒவ்வொரு சாலைக்கும் ஓர் எல்லை அழுத்தம் உண்டு. அதுவரை காற்றைக் கூட்டினால் லாபம். தாண்டினால் குலுக்கலின் இழப்பு சட்டென்று ஏறிவிடும். சாலை எவ்வளவு கரடுமுரடோ அவ்வளவு தாழ்வாக இருக்கும் அந்த எல்லை.

இது புதிய ஞானமும் அல்ல. ஜான் பாய்ட் டன்லப் 1888இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கியது, மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் போக வழி தேடியதன் விளைவு. மறு ஆண்டே பெல்ஃபாஸ்ட் நகரில் வில்லி ஹியூம் என்ற வீரர் அந்த டயரோடு பந்தயங்களில் இறங்கி, கெட்டி ரப்பர் சக்கரக்காரர்களை வென்றார். மென்மையே வேகம் என்பது அன்றே நிரூபணமாகிவிட்டது. பிறகு சாலைகள் வழவழப்பாக ஆக, அந்தப் பாடம் நெடுங்காலம் மறந்துபோனது.

காற்றை ஒரேயடியாகக் குறைக்கவும் முடியாது. கூரான கல்லில் மோதும்போது டயர் முழுக்க நசுங்கி, உள்ளே டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே சிக்கி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை விழும். அதனால்தான் சரளைச் சாலைக்கென்றே செய்யும் கிராவல் சைக்கிள்களில் டியூப் இல்லாத டயர் பரவியது. உள்ளே கொஞ்சம் ரப்பர்ப்பால் கலந்த திரவம் இருக்கும். முள் குத்தினால் வெளியேறும் காற்று அந்தத் திரவத்தை ஓட்டைக்குத் தள்ள, அது அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்கிறது.

கியாந்தியின் ஏற்றங்களும் எளிதானவை அல்ல. ஊர்களும் ப்ரோலியோ போன்ற கோட்டைகளும் முகடுகளில் இருக்கின்றன. மாட்டுவண்டிக் காலத்துப் பாதைகள் பல இடங்களில் சுற்றி வளைக்காமல் நேராக மேலே ஏறுகின்றன. நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் சரிவில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, உயரத்தை வெல்வதற்கு மட்டுமே 175 வாட் தேவை. அதைவிடப் பெரிய சிக்கல் பிடிப்பு. பின்சக்கரம் தரையைத் தள்ளும் விசைக்கு எல்லை வைப்பது, அதன் மேல் இருக்கும் எடையும் உராய்வும். தார்ச்சாலையில் செய்வதுபோல இருக்கையை விட்டு எழுந்து மிதித்தால் எடை முன்னால் போய்விடும். பெடல் கீழே இறங்கும் கணத்தில் விசை உச்சத்துக்குப் போகும். சக்கரம் சரளையில் வெறுமனே சுழலும். அனுபவசாலிகள் உட்கார்ந்தபடியே மார்பைத் தாழ்த்தி, சீராக மிதிப்பார்கள். முன்னால் 40 பல், பின்னால் 44 பல் உள்ள கியரில் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் சுமார் 2 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலும் மணிக்கு 7 கிலோமீட்டர்தான், ஆனால் சக்கரம் வழுக்காது.

இறக்கங்களில் பிரேக் பிடிக்கும் இடங்களில் சாலை வரி வரியாக மடிந்திருப்பதைக் காணலாம். 2007இல் ஸ்டீபன் மோரிஸ் உள்ளிட்ட இயற்பியலாளர்கள் மணல் நிரப்பிய சுழல்தட்டின் மேல் சக்கரத்தை ஓட்டி இதை ஆராய்ந்தார்கள். குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் சமதளம் தானாகவே அலையாக மாறியது. சக்கரத்தை எடுத்துவிட்டு வெறும் தகட்டை இழுத்தாலும் அதே அலை! வண்டியின் ஸ்பிரிங்கைக் குறை சொல்லி வந்தவர்களுக்கு இது புதுச் செய்தி.

சியனாவுக்குத் தென்கிழக்கே, க்ரேத்தே செனேசி என்ற மொட்டைக் குன்றுகளுக்குப் போனால் இந்தக் கணக்குகள் மாறிவிடுகின்றன. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த களிமண்தான் இன்றைய குன்று. காய்ந்திருக்கும்போது அது சிமென்ட் தரை. ஜல்லி பரவாத வயல் பாதையில் நல்ல மழை பெய்தால், களித்தகடுகளுக்கு இடையே நீர் புகுந்து அவை ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். டயரில் அப்பும், அதன் மேல் இன்னும் அப்பும், கடைசியில் ஃபோர்க்குக்கும் சக்கரத்துக்கும் இடையே உள்ள இடைவெளியை அடைத்துவிடும். எந்த டயரும் எந்த அழுத்தமும் அங்கே உதவாது. இறங்கி, குச்சியால் களிமண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, சைக்கிளைத் தோளில் சுமந்து ஜல்லிச் சாலைக்குத் திரும்ப வேண்டியதுதான்.