திண்ணை நிழலின் கணக்கு

திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய வீடுகளில் வாசல் படிக்கு இருபுறமும் மேடையாக எழுப்பியது திண்ணை. ஒரு ஆள் ஒடுங்கி உட்காரும் அகலம் மட்டும் இருந்தால் அது ஒட்டுத்திண்ணை. தாண்டிப் போனால் அழி (கம்பித் தடுப்பு) அடைத்த முன்கூடம் தார்சா, அப்புறம்தான் வீட்டின் பெரிய கூடமான பட்டாசல். முற்றத்தைச் சுற்றிச் சரிந்து இறங்குவது தாழ்வாரம், கொல்லைப்பக்கம் சுவரோடு ஒட்டி இறக்கினால் சாய்ப்பு. எல்லாவற்றுக்கும் முதல் வேலை, வெயில் சுவரில் படாமல் காப்பது. இதில் கூரையின் அகலத்தைவிட அதன் விளிம்பு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதே முக்கியம்.

திருநெல்வேலி இருப்பது 8.7 டிகிரி வட அட்சரேகையில். ஏப்ரல் 12 வாக்கில் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் வரும். அதன்பின் ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். கத்திரி வெயிலில் வடக்குச் சுவர்தான் காயும், தெற்குத் திண்ணை நிழலில் கிடக்கும். ஆனாலும் சூரியன் அப்போது மிக உயரத்தில் நிற்பதால் வடக்கே 2 அடி இறவாரம், அதாவது சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு, போதும். மார்கழியில் நண்பகல் சூரியன் தெற்கே, அடிவானத்திலிருந்து 58 டிகிரி உயரத்துக்கு இறங்கிவிடும். 9 அடிச் சுவரின் தலையிலிருந்து 30 டிகிரிச் சரிவில் ஓடு இறக்கினால் நாலேகால் அடியிலேயே சுவர் முழுக்க மறையும். விளிம்பு ஆறரை அடி உயரத்தில் நிற்கும். அதே இடத்தில் மட்டமான கான்கிரீட் தளம் என்றால் ஐந்தே முக்கால் அடி நீள வேண்டும். பலர் 3 அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். சுவரின் அடியில் 4 அடிக்கு வெயில் காய்கிறது. பகலில் தளம் வாங்கிய சூடு இரவில் கீழே இறங்குவது வேறு. ஓட்டின் இடுக்குகள் வழியே சூடான காற்று வெளியேறிவிடும்.

மேற்குத் திண்ணைக்கு இந்தக் கணக்கு உதவாது. மாலை நாலேகால் மணிக்குச் சூரியன் 30 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். ஓட்டுக் கூரையை இறக்கி மறைப்பதென்றால் 8 அடி நீட்ட வேண்டும், விளிம்பு இடுப்புக்கு மேல் ஒன்றரை அடியில் வந்து நிற்கும். அங்கே ஓலைத் தட்டியோ மூங்கில் தட்டியோ தொங்கவிடுவதுதான் வழி. ஆடிக் காற்றில் பறக்காமல் கீழ்முனையையும் கட்ட வேண்டும்.

ஐப்பசி மழையில் கெடுவது பெரும்பாலும் தூணின் அடிதான். ஓட்டிலிருந்து விழும் தண்ணீர் தரையில் மோதித் தெறித்து மரத்தில் ஊறும். இறவாரம் திண்ணை விளிம்பைத் தாண்டி ஒன்றரை அடியாவது நீள வேண்டும். தூணைக் கல் பாதத்தின் மேல் நிறுத்தி, திண்ணைத் தளத்துக்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் தெருப்பக்கமாகக் கொடுத்தால் தண்ணீர் தேங்காது.