அமுக்கிப் பிடித்தால்தான் சன்ரூஃப் மூடுகிறதா? அப்படியானால் இதைப் படியுங்கள்

கோவையில் இருக்கும் என் பட்டறையில், மேசை டிராயரைத் திறந்தால் டெஸ்டர், ஃபியூஸ் டப்பா, இன்சுலேஷன் டேப் இவற்றுக்கு நடுவே அடிக்கடி ஒரு வெண்டைக்காய் கிடக்கும். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள், மதியச் சாப்பாட்டுக்கு வாங்கி மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வார்கள். காரின் கூரையில் திறந்து மூடும் கண்ணாடியான சன்ரூஃப் பழுது என்று வண்டி வந்தால், வேலை முடித்துச் சாவியைக் கொடுக்கும் முன் உரிமையாளரை முன்சீட்டில் உட்கார வைப்பேன். மூடிக்கொண்டு வரும் கண்ணாடிக்கு நேராக அந்தக் காயை நீட்டிப் பிடிப்பேன். பட்டனை ஒருமுறை தட்டிவிட்டுத் தானாக மூடச் செய்தால், நல்ல நிலையில் இருக்கும் வண்டியில் கண்ணாடி காயை நசுக்கிவிட்டுத் திரும்பிப் போகும். அதே பட்டனை விடாமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டே மூடினால், சில வண்டிகளில் காய் இரண்டாகிவிடும்.

“குழந்தை விரல் கனம் இருக்குமுங்களா?” என்று மட்டும் கேட்பேன். அதற்கு மேல் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. (தயவுசெய்து இதைச் சொந்த விரலை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம். அப்படிச் செய்துவிட்டு வந்தவர் ஒருவர் இருக்கிறார், அதனால் சொல்கிறேன்.)

காயை வைத்து விளக்கும் பழக்கம் வந்ததற்கு ஒரு குடும்பம்தான் காரணம். ஆடிக் காற்று அடித்து ஓய்ந்த சமயம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று இந்த ஊர் வண்டிகளுக்குள் எவ்வளவு மண்ணைக் கொண்டுவந்து கொட்டும் என்பது கொங்குப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ஏசி சரியாகக் குளிரவில்லை என்று வண்டியை விட வந்தவர், போகிற போக்கில் சொன்னார்: “சன்ரூஃப் மூடறப்ப பாதியிலயே திரும்பித் தொறந்துக்குதுங்கண்ணா. ஆனா பிரச்சினை இல்லீங்க. ரெண்டு தடவை விட்டுட்டு மூணாவது தடவை அமுக்கிப் பிடிச்சா மூடிக்குது.” கூட வந்திருந்த அவருடைய மகளுக்கு ஐந்து வயது இருக்கும். இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே ஏறி நின்று, “மாமா, இப்படி அமுக்கிட்டே இருக்கணும்” என்று எனக்குச் செய்தே காட்டினாள்.

வண்டி பழுதாகவில்லை. ஏதாவது மாட்டினால் கண்ணாடியைத் திருப்பிவிடும் காவல்காரன் வேலை செய்துகொண்டுதான் இருந்தான். அவனை எப்படி ஓரங்கட்டுவது என்று வீட்டில் எல்லோரும், ஐந்து வயதுக் குழந்தை உட்பட, கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காவல்காரனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தானாகத் திரும்பும் வசதி உள்ள சன்ரூஃபில் ஏதோ கண் மாதிரி ஒன்று இருந்து விரலைப் பார்க்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. பெரும்பாலான வண்டிகளில் மோட்டாரின் சுழலும் பாகத்தில் ஒரு காந்தமும், அதன் சுற்றை எண்ணும் ஒரு சின்ன சென்சாரும் இருக்கும். கண்ணாடி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, என்ன வேகத்தில் வருகிறது என்பதை அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் கணிக்கிறார்கள். வழக்கத்தைவிட மோட்டார் திணறினால், நடுவில் ஏதோ மாட்டியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கண்ணாடியைத் திருப்பிவிடும். அதற்குத் தெரிந்ததெல்லாம் ‘இழுக்கக் கஷ்டமாக இருக்கிறது’ என்பது மட்டும்தான். அந்தக் கஷ்டம் விரலால் வந்ததா, கண்ணாடி நகரும் ரெயிலில் படிந்த மண்ணால் வந்ததா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

இதிலிருந்தே இரண்டு விஷயம் புரிந்துவிடும். ஒன்று, மண் சேர்ந்தால் வீணாகத் திரும்பும். இன்னொன்று, மெத்தென்று இருக்கும் எதையும் அது உணராது. துப்பட்டா நுனி, அவிழ்ந்த கூந்தல், பலூன் நூல் எல்லாம் மோட்டாருக்கு ஒரு பாரமே இல்லை. இழுத்துக்கொண்டு மூடிவிடும்.

இன்னும் ஒன்று. ஐரோப்பிய நாடுகளில் பின்பற்றும் ஐக்கிய நாடுகள் அவையின் வாகன விதி 21, அமெரிக்காவின் பாதுகாப்பு விதி 118 இரண்டுமே, இப்படித் தானாகத் திரும்பும் அமைப்பு மாட்டிய பொருளை 100 நியூட்டனுக்கு மேல் அழுத்துவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்கின்றன. 100 நியூட்டன் என்றால் ஏறக்குறைய பத்துக் கிலோ எடை. பத்துக் கிலோ அரிசி மூட்டையை ஒரு விரல் மேல் வைத்துப் பாருங்கள். அதுவும் 4 மில்லிமீட்டரிலிருந்து 200 மில்லிமீட்டர் வரையுள்ள இடைவெளிக்குத்தான் அந்தச் சோதனை. கடைசி 4 மில்லிமீட்டரில் கண்ணாடி ரப்பர் பீடிங்கில் அழுந்தி உட்கார வேண்டும். அங்கேயும் திரும்பிக்கொண்டிருந்தால் எந்த சன்ரூஃபும் மூடாது. ஆக, விதிப்படி சரியாக வேலை செய்யும் வண்டியிலும் விரலுக்கு வலிக்கும். எலும்பு உடையாமல் தப்பிக்க ஒரு வாய்ப்பு கிடைக்கிறது, அவ்வளவுதான்.

சரி, அமுக்கிப் பிடித்தால் மூடும் வசதியை எதற்கு வைத்தார்கள்? குளிர் நாடுகளில் ரெயிலில் பனி உறைந்துவிடும். கண்ணாடி பாதியில் திரும்பிக்கொண்டே இருந்தால், நடுரோட்டில் திறந்த கூரையோடு நிற்க வேண்டியதுதான். அந்த நேரத்துக்கென்று, மறுபடி உடனே அமுக்கிப் பிடித்தால் கூடுதல் பலத்தோடு, அல்லது திரும்பும் வசதியே இல்லாமல், மூடும்படி பல நிறுவனங்கள் அமைத்திருக்கின்றன. எத்தனை தடவை, எத்தனை நொடி என்பது வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். உறைபனிக்கு வைத்த அவசர வழியை நாம் புழுதிக்குத் தினசரிப் பழக்கமாக்கிவிட்டோம்.

அந்தக் குடும்பத்தின் வண்டியைச் சரிசெய்ய எனக்கு முக்கால் மணி நேரம்தான் ஆனது. முழுவதும் திறந்து வைத்து, ரெயில் இரண்டையும் மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, வேக்குவம் போட்டு, ஈரத் துணியால் துடைத்தேன். பழைய கிரீஸும் மண்ணும் சேர்ந்து ஆட்டுக்கல்லில் அரைத்த எள்ளுருண்டை மாதிரி இருந்தது. சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவியதும் கண்ணாடி ஒரே தட்டலில் மூடியது. வீட்டில் நீங்களே துடைக்கலாம். ஆனால் எஞ்சின் ஆயில், தேங்காய் எண்ணெய் எதையும் ரெயிலில் விடாதீர்கள். (தேங்காய் எண்ணெய் என்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை.) மறுநாளே அதில் தூசி ஒட்டி, முன்பைவிட மோசமாகும். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, ஆடிக் காற்றுக்குப் பின் ஒருமுறை துடைத்தாலே போதும். துடைத்த பிறகும் பாதியில் திரும்பினால், கேபிளோ மோட்டாரோ ரெயிலோ கோணியிருக்கலாம். அதைப் பட்டறையில்தான் பார்க்க வேண்டும். அதுவரை திறக்காமல் விட்டுவிடுங்கள்.

வேப்பமரம், புங்கமரம் அடியில் நிறுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சன்ரூஃப் ஓரமாக இறங்கும் தண்ணீரை நான்கு மூலைகளிலும் உள்ள மெல்லிய குழாய்கள் கீழே கொண்டுபோய் விடும். இலை அடைத்தால் மேல்விளக்கு வழியாகத் தண்ணீர் சொட்டும். காற்றுப் பம்பு வைத்து ஊதித் தள்ளாதீர்கள், குழாய் உள்ளே கழன்றுகொண்டால் கூரைத் துணியையே பிரிக்க வேண்டியிருக்கும்.

பேட்டரி மாற்றியவர்கள் கவனிக்க வேண்டியது தனி. பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால், அல்லது பேட்டரி அடியோடு இறங்கிப்போனால், பல வண்டிகளில் சன்ரூஃப் தன் இடத்தை மறந்துவிடும். ஒரே தட்டலில் மூடாது, திரும்பும் வசதியும் வேலை செய்யாமல் போகலாம். அதற்கு மறுபடி பாடம் சொல்லித்தர வேண்டும். பட்டனைக் குறிப்பிட்ட விதத்தில் அமுக்கிப் பிடித்திருந்தால் கண்ணாடி தானே ஒருமுறை முழுக்கத் திறந்து மூடித் தன் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். இந்தப் பாடம் நடக்கும்போது மாட்டினாலும் திரும்பாது. அதனால் வண்டியில் வேறு யாரும் இல்லாத நேரத்தில் செய்யுங்கள். ரோட்டோரத்தில் பேட்டரி மாற்றித் தருகிறவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. கடிகாரத்தை மட்டும் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அப்புறம், எல்லோரும் எதிர்பார்க்கும் விஷயம். கூரைக்கு வெளியே தலையை நீட்டி நிற்பது.

எங்கள் ஊர்க்காரர்கள் சன்ரூஃபைத் திறக்கும் இடம் எனக்கு அத்துப்படி. வெயிலில் அவிநாசி ரோட்டில் யாரும் திறக்க மாட்டார்கள். மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு வந்து குளிர்காற்று முகத்தில் பட்டதும் திறக்கும். இல்லையென்றால் ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில். பிள்ளைகள் இரண்டும் எழுந்து நிற்கும், அம்மா காணொளி எடுப்பார். சாலைக்கு மேல் தாழ்ந்து தொங்கும் மூங்கிலும் கிளையும் ஓட்டுகிறவர் கண்ணில் படாது. அவர் கவனமெல்லாம் எதிரே வளைவில் திரும்பும் பஸ்ஸின் மேல் இருக்கும். பின்னால் பார்க்கலாம் என்று கண்ணாடியைப் பார்த்தால், அதில் குழந்தையின் கால்சட்டை மட்டும்தான் தெரியும்.

தட்டையான ஊர்ச் சாலையிலும் இதே கதைதான். 2025 செப்டம்பரில் பெங்களூரில், ஓடும் காரின் சன்ரூஃபில் நின்று வந்த சிறுவனின் தலை, உயரமான வண்டிகள் வராமலிருக்கச் சாலைக்குக் குறுக்கே வைத்திருந்த இரும்புச் சட்டத்தில் மோதிய காணொளியைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தச் சட்டம் காரைத் தொடவே இல்லை. ஓட்டுகிறவர் தன் வண்டியின் உயரத்தை மட்டும்தான் மனதில் வைத்திருப்பார். அதற்கு மேலே முக்கால் மீட்டர் குழந்தை நீட்டிக்கொண்டிருப்பதை எந்த ஓட்டுநரின் கணக்கும் சேர்த்துக்கொள்வதில்லை. நகருக்குள் மாஞ்சா நூலும் தாழ்ந்து தொங்கும் கேபிள் வயரும் வேறு இருக்கின்றன.

மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. நாய் குறுக்கே வந்து பிரேக் அடித்தால், பெல்ட் போட்டவரை இடுப்பும் தோளும் தாங்கும். நிற்கும் குழந்தையின் வயிற்றையோ நெஞ்சையோ தாங்கப் போவது சன்ரூஃப் சட்டத்தின் விளிம்பு. “மெதுவாத்தான போறோம்” என்பார்கள். மெதுவாகப் போகும்போதும் பின்னால் வருகிறவர் இடிக்கலாம்.

தேர்தல் நேரத்தில் பிரச்சார வேனில் தலைவர்கள் நிற்கவில்லையா என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அந்த வேனுக்குள் நிற்பதற்கென்று மேடை போட்டு, பிடிப்பதற்குக் கம்பி வைத்து, மனிதன் நடக்கும் வேகத்தில் ஓட்டுகிறார்கள். சுற்றிலும் ஆட்கள் கேபிளைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். அவருக்கு அத்தனை தொண்டர்கள் இருந்தால் எனக்கும் ஆட்சேபணை இல்லை என்றேன்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். நின்றுகொண்டு யாரும் பெல்ட் போட முடியாது. ஆபத்தாக ஓட்டியதாக வழக்குப் போட்டால் 184வது பிரிவு, அது இன்னும் கடுமையானது. ஆனால் அபராதத்துக்குப் பயந்து யாரும் மாறி நான் பார்த்ததில்லை.

நிற்கும் பிள்ளைகள் கையை எங்கே வைத்துக்கொள்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? விளிம்பில்தான். முன்புறம் காற்றைத் தடுக்கும் வலை எழும்பி நிற்கும் இடத்தில், இல்லையென்றால் பக்கத்து ரெயிலில். சரியாகக் கண்ணாடி வந்து உட்காரும் வழியில். அந்த நேரம் தூறல் விழுகிறது. முன்னால் இருப்பவர் திரும்பிப் பார்க்காமலே கையை மேலே நீட்டிப் பட்டனைத் தட்டுகிறார். இப்போது பட்டனைத் தொடக்கூட வேண்டியதில்லை. பேச்சிலேயே திறந்து மூடும் வண்டிகள் நம் ஊரில் வந்துவிட்டன. சில வண்டிகளில் வெளியே நின்று ரிமோட்டின் லாக் பட்டனை அமுக்கிப் பிடித்தாலும் மூடும். எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு: பட்டனைத் தொடுகிறவர் முதலில் திரும்பிப் பார்த்து, “மூடறேன்” என்று சத்தமாகச் சொல்லி, “சரி” என்று பதில் வந்த பிறகுதான் தொட வேண்டும். வீட்டிலும் இதை வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்தி இறங்கும்போது சாவியையும் குழந்தையையும் உள்ளே விட்டுவிட்டுப் போகாதீர்கள். கல்லாறு, ஆழியாறு பக்கம் என்றால் கூரையையும் மூடிவிட்டுப் போங்கள். குரங்குக்கு பிஸ்கட் பாக்கெட் எங்கே இருக்கிறது என்று உங்களைவிட நன்றாகத் தெரியும்.

ஒருவேளை விரல் மாட்டிவிட்டால் என்ன செய்வீர்கள்? பதற்றத்தில் பெரும்பாலானவர்கள் முதலில் எஞ்சினை அணைத்துவிடுகிறார்கள். அதுதான் தவறு. எஞ்சினை அணைத்துக் கதவையும் திறந்துவிட்டால் பல வண்டிகளில் சன்ரூஃபுக்கு மின்சாரம் நின்றுவிடும். கண்ணாடி விரலோடு அங்கேயே நிற்கும். அணைக்காதீர்கள். திறக்கும் பக்கம் பட்டனை அமுக்குங்கள். ஏற்கெனவே அணைத்துவிட்டால் மறுபடி ஆன் செய்து திறங்கள். விரலைப் பிடித்து இழுக்க வேண்டாம். வெளியே வந்ததும் மோதிரம் இருந்தால் வீங்கும் முன் கழற்றிவிட்டு, துணியில் சுற்றிய ஐஸை வையுங்கள். விரலை மடக்க முடியவில்லை என்றாலோ, கோணலாகத் தெரிந்தாலோ, நகத்தடியில் ரத்தம் கட்டி வலி தாங்க முடியவில்லை என்றாலோ எக்ஸ்ரே எடுக்கப் போய்விடுங்கள். உங்கள் வண்டியில் திறப்பதற்குப் பட்டனை முன்னால் தள்ள வேண்டுமா, பின்னால் இழுக்க வேண்டுமா என்பதை இன்று சாயங்காலம் வண்டியை எடுக்கும்போது ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வண்டி ஓட்டும் மற்றவர்களுக்கும் காட்டிவிடுங்கள்.