கேட் பூட்டியிருந்த மாதத்தின் கரண்ட் பில்

கரண்ட் பில் திடீரென்று மூன்று மடங்கு வந்துவிட்டது என்று யாராவது கூப்பிட்டால், போன தடவை ரீடிங் எடுக்க ஆள் வந்தாரா என்றுதான் முதலில் கேட்பேன். "நாங்க ரெண்டு பேரும் கம்பெனிக்குப் போயிருவோமுங்க, கேட்டு பூட்டித்தான் இருக்கும்" என்பார்கள். பாதி விஷயம் அந்தப் பதிலிலேயே இருக்கிறது.

பெருந்துறை, குன்னத்தூர், ஊத்துக்குளி வட்டாரத்தில் வீட்டு வயரிங்கும் மோட்டார் வேலையும் எடுத்துச் செய்கிற லைசென்ஸ் உள்ள மின் ஒப்பந்ததாரர் நான். கோடை கழிந்து ஆனி, ஆடி வந்தால் "மீட்டர் வேகமா ஓடுதுங்க, வந்து பாருங்க" என்ற அழைப்புகள் ஆரம்பித்துவிடும். மீட்டர் வேகமாக ஓடுவது அபூர்வம். பெரும்பாலான வீடுகளில் பில்லில் இருக்கும் யூனிட் அந்த வீட்டில் செலவானதுதான். ஆனால் அந்த யூனிட்டுக்குப் போட்ட ரேட் சரியா என்பது வேறு கேள்வி, அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

நம் ஊரில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. காலையில் 8 மணிக்கே வேன் ஏறி திருப்பூர் போய்விடும் குடும்பம், கேட்டுக்கு உள்ளே மீட்டர், கேட்டுக்குப் பின்னால் நாய். தோட்டத்து வீடுகள் இன்னும் மோசம், மெயின் ரோட்டிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி ஒற்றை வீடாக நிற்கும். ரீடிங் எடுப்பவர் வந்து பார்த்து, 'டோர் லாக்' என்று குறித்துவிட்டுப் போய்விடுவார். அந்த முறைக்கு, முந்தைய பயன்பாட்டை வைத்து ஒரு மதிப்பீட்டுத் தொகை வரும். அது குறைவாக இருந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, செல்போனிலேயே கட்டிவிடுவோம். அடுத்த முறை நிஜ ரீடிங் எடுக்கும்போது, விட்டுப்போனது எல்லாம் சேர்ந்து ஒரே பில்லாக இறங்கும்.

சேர்ந்து இறங்கினால் என்ன, எப்படியும் கட்ட வேண்டியதுதானே என்று தோன்றும். இல்லை. கரண்ட் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 2024 ஜூலை திருத்தத்தின்படி வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட் 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 என்ற படியே காணாமல் போய்விடும். 101-லிருந்தே 4.70 தான். அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, அப்புறம் 11.55. சரியாக 500 யூனிட் ஓட்டிய வீட்டுக்கு 1,805 ரூபாய். 510 ஓட்டிய வீட்டுக்கு 2,124. பத்து யூனிட் கூடியதற்கு 319 ரூபாய்! இந்த ஓரத்தில் நிற்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. 2025 ஜூலையில் வந்த உயர்வை வீடுகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டதால் இந்த ரேட்டை வைத்தே கணக்குப் பார்க்கிறேன்.

குன்னத்தூர் பக்கம் ஒரு வீட்டைச் சொல்கிறேன், புரிவதற்காக எண்களை மட்டும் முழுதாக்கியிருக்கிறேன். கணவன், மனைவி இரண்டு பேரும் பனியன் கம்பெனி. பங்குனி வரை இரண்டு மாதத்துக்கு 240 யூனிட், 423 ரூபாய். சித்திரையில் ஏசி மாட்டினார்கள். அந்த முறை கேட் பூட்டியிருந்தது, பழைய 240 யூனிட்டையே வைத்து மறுபடி 423 ரூபாய். ஏசி போட்டும் பில் ஏறவில்லையே என்று சந்தோஷம் வேறு. அடுத்த முறை ரீடிங் எடுத்தபோது, நான்கு மாதத்துக்கும் சேர்த்து மீட்டர் 900 யூனிட் ஓடியிருந்தது. பில் 5,397 ரூபாய்.

"ஏனுங்ணா, ரெண்டு பேனு, ஒரு பிரிட்ஜு, ஒரு ஏசி. அஞ்சாயிரத்துச் சொச்சம் எப்புடிங்ணா வரும்?" என்று அந்தத் தங்கச்சி கேட்டபோது மீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு பேப்பர் வாங்கிக் கணக்குப் போட்டேன். 900 யூனிட்டையும் ஒரே இரண்டு மாதத்தில் எரித்ததாக வைத்தால் 5,820 ரூபாய். அதில் முன்பு கட்டிய 423-ஐக் கழித்தால் 5,397. அப்படித்தான் பில் வந்திருக்கிறது. ஆனால் இந்த 900, நான்கு மாதத்து யூனிட். இரண்டாகப் பிரித்தால் 450, 450. 450 யூனிட்டுக்கு 1,490 ரூபாய், இரண்டுக்கும் சேர்த்து 2,980. கட்டிய 423 போனால் பாக்கி 2,557 தான்.

இன்னொரு விதமாகவும் பில் வரும், அது பார்க்க நியாயமாகத் தெரியும், அதனாலேயே பலர் ஏமாறுவது. 900-லிருந்து ஏற்கெனவே பில் போட்ட 240 யூனிட்டைக் கழித்து, மீதி 660-க்கு ஒரே பில். அதுவும் 3,447 ரூபாய் வந்துவிடும். யூனிட்டைக் கழித்தாயிற்று, சரிதானே என்று பேசாமல் இருந்துவிடுவோம். போன முறை அரைகுறையாய்ப் போன மலிவான படிகள் அப்படியே கைவிட்டுப் போய், அந்த யூனிட்டெல்லாம் இந்த முறை எட்டு, ஒன்பது ரூபாய்ப் படியில் ஏறி உட்கார்ந்திருக்கும். 890 ரூபாய் கூடுதல்.

நான்கு மாத யூனிட்டைப் பாதியாக்கி, ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனியாகப் படிக்கட்டணம் போட்டு, கட்டிய தொகையைக் கழிப்பது நானாகக் கண்டுபிடித்த வழி இல்லை. 2020 கொரோனா ஊரடங்கில் ரீடிங் எடுக்க முடியாமல், முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னார்கள். ஊரடங்கு தளர்ந்து ரீடிங் எடுத்தபோது மின் வாரியமே மாநிலம் முழுக்க இந்த முறையில்தான் கணக்குப் போட்டது. தொகையைக் கழிக்கக் கூடாது, யூனிட்டைக் கழிக்க வேண்டும் என்று அப்போது பெரிய சர்ச்சை, சென்னை உயர் நீதிமன்றம் வரை போய் வழக்கு தள்ளுபடியானது. என்னைக் கேட்டால், வாரியம் அன்றைக்குச் செய்தது வீட்டுக்காரருக்கு மோசமான கணக்கு இல்லை. மேலே போட்ட கணக்கில் யூனிட்டைக் கழித்தால்தான் நஷ்டம் என்பதைப் பார்த்தோமே.

அதனால் பில் பெரிதாக வந்த அன்றைக்கு ஏசி கம்பெனிக்கோ எலக்ட்ரீசியனுக்கோ போன் போடுவதற்கு முன்னால் மீட்டரைப் போய்ப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டரில் ஒன்றன்பின் ஒன்றாக எண்கள் மாறி மாறி வரும். தேதி, நேரம், வோல்டேஜ், ஆம்பியர், பவர் ஃபேக்டர் எல்லாம் ஓடும். பக்கத்தில் 'கே.டபிள்யூ.ஹெச்.' என்று காட்டும் எண்தான் யூனிட். புள்ளிக்கு வலது பக்கம் இருப்பதை விட்டுவிடுங்கள். அந்த எண் பில்லில் இருக்கும் ரீடிங்கைவிடக் குறைவாக இருந்தால், பில் போட்ட ரீடிங்கே தப்பு, அங்கேயே வேலை முடிந்தது. போட்டோ எடுத்துக்கொண்டு நேராக ஆபீசுக்குப் போகலாம்.

மீட்டர் எண் கூடுதலாக இருந்தால் பழைய வரிசையைப் பாருங்கள். வெள்ளை அட்டையில் எழுதுவது பல ஊர்களில் நின்றே போய்விட்டது. வாரிய இணையதளத்தில் இணைப்பு எண்ணைக் கொடுத்தால் பழைய ரீடிங்குகள் தேதிவாரியாக வரும் (கோவை மண்டலத்து எண்கள் 03 என்றும் ஈரோடு மண்டலத்து எண்கள் 04 என்றும் ஆரம்பிக்கும், அதையும் சேர்த்துப் போட வேண்டும்). அந்த வரிசையில் அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே யூனிட் அச்சாக வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், அது மதிப்பீடு. வாழ்கிற வீட்டில் இரண்டு முறை ஒரே யூனிட் ஓடுவது லாட்டரி விழுகிற மாதிரி.

மீட்டரே செத்துப்போய் டிஸ்ப்ளே வராத வீடுகளுக்குக் கணக்கு வேறு. தமிழ்நாட்டின் 2004-ஆம் வருட மின் வழங்கல் விதித்தொகுப்பு, மீட்டர் பழுதான காலத்துக்கு அதற்கு முந்தைய நான்கு மாதச் சராசரியை எடுக்கச் சொல்கிறது. பயன்பாட்டு நிலைமை மாறாமல் இருந்தால்தான் அந்தச் சராசரி பொருந்தும் என்பதும் அதிலேயே இருக்கிறது. சித்திரை, வைகாசிச் சராசரியை ஆடிக் காற்றடிக்கிற மாதத்துக்குப் போட்டால் ஆட்சேபிக்கலாம். மகன் பெங்களூரு போய்விட்டார், வீட்டில் இப்போது அப்பாரும் அம்மாயியும் மட்டும்தான் என்றால் அதையும் எழுதிக் கொடுங்கள்.

எழுதிக் கொடுங்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கவுன்டரில் நின்று சண்டை போட்டுவிட்டு வருவதால் ஒன்றும் நடக்காது, அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு பில்லை மாற்றும் அதிகாரமும் இல்லை. பிரிவு அலுவலகத்தின் உதவி மின் பொறியாளருக்கு அரைப் பக்கக் கடிதம் போதும். இணைப்பு எண், எந்தத் தேதியில் மதிப்பீட்டு பில் வந்தது, இப்போதைய நிஜ ரீடிங் என்ன, மொத்த யூனிட்டை இத்தனை முறைக்குப் பிரித்துத் தனித்தனியாகக் கணக்கிட்டு, கட்டியதைக் கழித்துத் திருத்திய பில் தரவும். இவ்வளவுதான். மீட்டர் போட்டோவை இணைத்து, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குன்னத்தூர்த் தங்கச்சி இப்படித்தான் எழுதிக் கொடுத்தார், பில் மாறி வந்தது. வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-லும் புகார் பதியலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஆனால் போன் புகாரோடு நிற்காதீர்கள், பின்னால் மேல்முறையீடு என்று வந்தால் காகிதம்தான் பேசும்.

அதற்குள் கெடு தேதி வந்துவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்களே என்ற பயம் எல்லாருக்கும். 2003 மின்சாரச் சட்டத்தின் 56-வது பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது. இணைப்பைத் துண்டிக்க 15 நாள் எழுத்துப்பூர்வ நோட்டீஸ் வேண்டும். பில்லில் தகராறு இருந்தால், கேட்கும் தொகை, அல்லது முந்தைய ஆறு மாதம் நீங்கள் கட்டிய கட்டணத்தின் சராசரிப்படி மாதாமாதம் வரும் தொகை, இரண்டில் எது குறைவோ அதை 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கட்டினால், தகராறு தீரும்வரை துண்டிக்கக் கூடாது. ஆன்லைனில் முழுத் தொகையைத்தான் கட்ட முடியும் என்று வந்தால், கடிதத்தோடு அலுவலகத்துக்கே போங்கள். சட்டப் பிரிவின் எண்ணைக் கடிதத்தில் குறிப்பிட்டிருந்தால் பேச்சு சீக்கிரம் முடிகிறது, இது என் அனுபவம்.

கணக்கெல்லாம் பிரித்துப் பார்த்தும் யூனிட் பழையதைவிட ரொம்ப அதிகம் என்றால்தான் என் மாதிரி ஆளுக்கு வேலை. நம் பக்கம் முதல் சந்தேகம் போர் மோட்டார் மேல்தான். ஒன்றரை ஹெச்.பி. மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட் இழுக்கும். தண்ணீர் மட்டம் இறங்கி, ஒரு மணி நேரத்தில் நிறைந்த டேங்குக்கு மூன்று மணி நேரம் ஆனால், இரண்டு மாதத்தில் 180 யூனிட் கூடிவிடும். யாரும் எதையும் புதிதாக வாங்கியிருக்க மாட்டார்கள்.

அடுத்தது லீக்கேஜ். ராத்திரி மெயின் சுவிட்சை ஆன் செய்தபடியே விட்டு, பிரிட்ஜ், இன்வெர்ட்டர் உள்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். தொடர்ந்து சிமிட்டினால் எங்கோ கசிகிறது. நான் பார்த்த வரையில் மோட்டார் கேபிள் ஜாயின்ட்டும் பாத்ரூம் ஹீட்டர் காயிலும்தான் முக்கால்வாசி. இதை நீங்களே பிரித்துப் பார்க்க வேண்டாம், கூப்பிடுங்கள்.

மீட்டர் மேலேயே சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சடித்திருக்கும், பல மீட்டர்களில் 3200. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வாளித் தண்ணீரில் 1500 வாட் ஹீட்டர் ராடை மட்டும் போடுங்கள் (தண்ணீரில் கை வைக்காமல்!). ஒரு நிமிடத்துக்கு 80 சிமிட்டல் வர வேண்டும். வோல்டேஜ் குறைவான ஊரில் 60, 65 தான் வரும், அது சரியே. வோல்டேஜ் 230 பக்கத்தில் இருக்கும்போது 100-க்கு மேல் போனால் மீட்டர் பரிசோதனைக்கு எழுதிக் கொடுங்கள். அதற்குக் கட்டணம் உண்டு. 80-க்கு 82 வந்ததற்காகப் பணம் கட்டாதீர்கள்.

பிரிவு அலுவலகத்தில் பதில் வராவிட்டால் அடுத்த படி மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். ஈரோடு, கோபி, திருப்பூர், உடுமலை என்று ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்துக்கும் ஒன்று உண்டு, வக்கீல் வைக்க வேண்டியதில்லை. அங்கேயும் திருப்தி இல்லையென்றால் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர்.

பழைய பாக்கி என்று மூன்று, நான்கு வருடக் கணக்கைத் திடீரென்று கேட்டால் இன்னொரு விதி இருக்கிறது. அதே 56-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவின்படி, முதலில் கட்ட வேண்டிய நாளிலிருந்து இரண்டு வருடம் தாண்டிய தொகையை, அது தொடர்ந்து பில்லில் பாக்கியாகக் காட்டப்பட்டிருந்தால் ஒழிய வசூலிக்க முடியாது. ஆனால் பில் போட்டதில் தவறு நடந்து, அது பின்னால் தெரிய வந்தால், இரண்டு வருடம் கழிந்தும் கூடுதல் பில் அனுப்பலாம், அதற்காக இணைப்பைத் துண்டிக்க மட்டும் முடியாது என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படி ஒரு பில் வந்தால் அதிலும் முதலில் பார்க்க வேண்டியது, மொத்த யூனிட்டை எத்தனை முறைக்குப் பிரித்திருக்கிறார்கள் என்பதைத்தான்.