மருத்துவக் கருவி: சட்டத்தில் 'மருந்து' ஆன ஊசி

'மெடிக்கல் டிவைஸ்' என்பதற்குத் தமிழில் மருத்துவ உபகரணம், மருத்துவச் சாதனம், மருத்துவக் கருவி என்று மூன்று பெயர்கள் புழங்குகின்றன. முதல் இரண்டிலும் பின்சொல் வடமொழி. ஆங்கில 'டிவைஸ்', 'பிரித்தல்' என்று பொருள்படும் லத்தீன் வினையில் பிறந்து, பழைய பிரெஞ்சில் திட்டம், ஏற்பாடு என்றாகி, அப்புறம்தான் யோசித்துச் செய்த பொருளைக் குறித்தது.

எம்.ஆர்.ஐ. எந்திரம், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ், சர்க்கரை பார்க்கும் பட்டை, ஸ்கேன் படத்தை அலசும் மென்பொருள் என எல்லாம் இதில் அடக்கம். இத்தனையையும் 'கருவி' தாங்குமா என்று சிலர் தயங்குகிறார்கள். தாராளமாகத் தாங்கும். சுத்தியல், கத்தியோடு நிற்கிற சொல் அல்ல அது. எதைக் கொண்டு ஒரு வினை முடிகிறதோ அது கருவி. மூன்றாம் வேற்றுமைக்கு இலக்கணம் சொல்லும் பொருள்களில் ஒன்று அதுதான். 631-ஆம் குறளில் வரும் கருவிக்குப் பரிமேலழகர் தானையும் (படையும்) பொருளும் என்று உரை எழுதினார். ஆகவே 'மருத்துவக் கருவி' என்றே எழுதலாம். ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட், செயற்கை இதய வால்வு என உடம்புக்குள் தங்கிவிடுபவற்றைத் தனியாகச் சொல்ல 'உள்வைப்பு' இருக்கிறது.

இந்தியச் சட்டத்தில் கதை வேறு. 1940-ஆம் ஆண்டின் மருந்து, அழகுப்பொருள் சட்டத்தின் கீழ், 1989-இல் ஒருமுறை பயன்படுத்தும் சிரிஞ்சும் ஊசியும் 'மருந்து' என அறிவிக்கப்பட்டன. 2005-இல் ஸ்டென்ட்டும் கண் லென்ஸும் சேர்ந்தன. 2020 ஏப்ரல் முதல் எல்லாக் கருவிகளும் மருந்துதான். 2017-இல் தனி விதிகள் வந்து, ஆபத்தின் அளவுப்படி நான்கு வகுப்புகள் பிரித்தது நல்ல மாற்றம். ஆனாலும் தாய்ச் சட்டம் மருந்துச் சட்டமே.

மாத்திரையைச் சோதிப்பது வேதியியல். வென்டிலேட்டருக்கோ மின்பாதுகாப்பு, அழுத்த அளவு, கேலிபரேஷன் எனும் அளவுச் சரிபார்ப்பு, வாங்கிய பிறகு பல வருடம் சர்வீஸ் எல்லாம் பார்க்க வேண்டும். அதனால்தான் கருவிக்குத் தனிச் சட்டமும், பொறியாளர்கள் நிறைந்த தணிக்கைக் குழுவும் முதல் தேவை என்று நினைக்கிறேன்.

2020-இல் மருத்துவக் கருவிகளின் உற்பத்தி ஊக்கத்தொகைக்கு 3,420 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2023 ஏப்ரலில் இவற்றுக்கான தேசியக் கொள்கைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. காசு வேண்டியதுதான். ஆனால் எக்ஸ்ரே குழாயும் சென்சாரும் வெளிநாட்டிலிருந்து வர, இங்கே அவற்றைப் பெட்டிக்குள் பொருத்துவது மட்டும் நடந்தால் தொழில் வேர் பிடிக்காது. உதிரிபாகம் செய்பவருக்கும் ஊக்கம் போக வேண்டும். சிறு நிறுவனம் எட்டுகிற கட்டணத்தில் சோதனைக்கூடம் வேண்டும்.

முடியாத காரியம் இல்லை. திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரா மருத்துவ ஆய்வு நிறுவனம் உருவாக்கிய இதய வால்வு 1990-இல் முதல்முறை ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை சார்ந்த ஆரோலேப் 1992-இல் கண் லென்ஸ் செய்யத் தொடங்கி, இறக்குமதி விலையில் சிறு பங்குக்குக் கொடுத்தது. இரண்டிலும் செய்பவரும் பயன்படுத்தும் டாக்டரும் பக்கத்திலேயே இருந்தார்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் இந்த நெருக்கத்தை உண்டாக்குவதும், அங்கே தேறிய உள்நாட்டுக் கருவியை அரசே முதலில் வாங்குவதும் கொள்கையில் மேலே வர வேண்டியவை.