வர்ம ஏடு இருக்கட்டும், கணக்கோலை எங்கே?

போன வாரம் தக்கலைப் பக்கம் ஒரு வீடு. இடிப்பதற்கு முன் மச்சில் கிடந்த சுவடிகளைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போனபோது மேசையில் ஒரே ஒரு கட்டு. "இது வர்ம ஏடு அண்ணாச்சி, பத்திரமா வச்சிருக்கோம். மத்ததெல்லாம் வெறும் கணக்கு, அடுப்புல போட்டாச்சு" என்றார் வீட்டுக்காரர். இந்த வருடம் நான் பார்க்கும் மூன்றாவது அடுப்பு இது.

அந்த 'வெறும்' என்ற சொல்தான் எனக்கு ஆகாது. வர்மம், வைத்தியம், சோதிடம் என்றால் அறிவு, மற்றது குப்பை என்று யார் சொல்லிக்கொடுத்தது? வைத்திய ஏட்டுக்குப் பெரும்பாலும் வேறு படி எங்காவது இருக்கும். உங்கள் வீட்டுக் கணக்கோலைக்கு ஏது படி? எந்த வயலுக்கு எத்தனை கோட்டை (நெல் அளவு) விதைப்பாடு, மடை திறப்பது யார் முறை, முந்திரி வரை, அதாவது 1/320 வரை, பின்னம் போட்ட கை யாருடையது, அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்? அறிவின் வரலாற்றை ஆராய்கிறவர்கள் தேடுவது இதைத்தான். சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டிலிருந்து கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை தேடி எடுத்தவையும் இப்படி ஒரு வீட்டில் கிடந்த ஓலைகள்தான். நாஞ்சில் நாட்டு வரலாற்றை அவற்றை விட்டுவிட்டு எழுத முடியாது.

சரி, வைத்தியம்தான் பெரிது என்றே வைத்துக்கொள்வோம். சேர்த்தலை வைத்தியர் இட்டி அச்சுதன் தன் குடும்ப ஏட்டைப் பார்த்துச் சொன்ன மூலிகை விவரங்கள் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலில் ஏறின. ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக அச்சான நூல் அது. அந்த அச்சு நூல் இருக்கிறது, அவர் வீட்டு ஏடு கிடைக்கவில்லை.

ஏட்டைத் தண்ணீரில் கழுவாதீர்கள். மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் இரண்டும் வேண்டாம். புல்தைலம் (எலுமிச்சம்புல் எண்ணெய்) தடவுவது பழகிய கை செய்யவேண்டிய வேலை. ரப்பர் பேண்ட் போட்டால் ஓரம் நொறுங்கும். தயவுசெய்து கயிற்றை அறுத்து ஏடுகளைக் கலைக்காதீர்கள், எல்லாக் கட்டிலும் ஏட்டெண் இருக்காது. பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வைத்தால் போதும்.

அப்புறம், ஓலையில் '1020' என்று கண்டதும் ஆயிரம் வருடப் பழசு என்று வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அது திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டு, ஆங்கிலக் கணக்கில் 1844-45.

எழுத்து தமிழா மலையாளமா என்று புரியவில்லையா? பரவாயில்லை. திருவனந்தபுரம் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம் இருக்கிறது, அங்கே காட்டுங்கள். இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள். அடுப்புக்கு விறகு நான் வாங்கித் தருகிறேன்.